வந்து வந்து மறையும் திணறல் : கார் இன்ஜினின் நோய் கண்டறிந்த வரலாறு

நாலு நாள் ஒழுங்காக ஓடும் கார், ஐந்தாவது நாள் ஒரு லாரியை முந்தும்போது மூச்சை அடைத்துக் கொள்ளும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் வேகம் வராது. ஒரு குலுக்கு குலுக்கும். அடுத்த வினாடியே ஒன்றும் நடக்காதது போல சீறிக் கொண்டு போகும். சரி என்று மெக்கானிக்கிடம் கொண்டு போனால், அங்கே கார் சமர்த்துக் குழந்தையாக நிற்கும்! டாக்டர் வீட்டு வாசலைக் கண்டதும் பல்வலி பறந்து போகுமே, அதே கதைதான்.

எப்போதும் இருக்கும் கோளாறைக் கண்டுபிடிப்பது சுலபம். வந்து வந்து மறையும் கோளாறுதான் மெக்கானிக்குகளை நூறு வருடமாக ஆட்டி வைக்கிறது. இது வெறும் எரிச்சல் மட்டும் அல்ல. சென்னையில் இருந்து திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் தெற்கே போகும் நெடுஞ்சாலை நாலுவழி ஆவதற்கு முன்னால், முந்துவது என்றாலே எதிர் வண்டியின் பாதையில் ஏறுவதுதான். அந்த நேரத்தில் இன்ஜின் ஒரு வினாடி தயங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 80 கி.மீ. வேகத்தில் ஒரு வினாடி என்பது 22 மீட்டர்!

இந்தத் திணறலை மனிதர்கள் எப்படியெல்லாம் துரத்திப் பிடித்தார்கள் என்று பார்ப்போம்.

திணறல் ஏன் வருகிறது?

பெட்ரோல் இன்ஜினுக்கு மூன்று பொருள் வேண்டும். காற்று, பெட்ரோல், தீப்பொறி. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் சுமார் 14.7 பங்கு காற்று என்பது கணக்கு. இதில் ஏதாவது ஒன்று தாமதமாக வந்தாலும், குறைந்தாலும் இன்ஜின் தயங்கும்.

ஆக்சிலரேட்டரை சட்டென்று மிதித்தால் காற்று உடனே உள்ளே பாயும். காற்று லேசானது. பெட்ரோல் கனமானது, அது கொஞ்சம் பின்தங்கும். அந்த இடைவெளியில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. அதனால்தான் பழைய கார்புரேட்டர்களில் ஆக்சிலரேட்டர் பம்ப் என்று ஒரு சின்ன பம்ப் வைத்தார்கள். மிதித்த உடன் கொஞ்சம் பெட்ரோலைப் பீச்சி அடிப்பது அதன் வேலை. அதன் டயாஃப்ரம் கிழிந்தால் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு தயக்கம் வரும்.

தீப்பொறிக்கும் இதே போல ஒரு ரகசியம் உண்டு. இன்ஜின் சும்மா உறுமிக் கொண்டு நிற்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு. அப்போது பிளக்கில் பொறி தாவுவதற்கு அதிக வோல்டேஜ் தேவைப்படாது. மேட்டில் ஏறும்போதோ, முந்தும்போதோ அழுத்தம் கூடும், தேவையான வோல்டேஜும் கூடும். லேசாக விரிசல் விட்ட பிளக் ஒயரில் மின்சாரம் அப்போது மட்டும் வழி தவறி பக்கத்து இரும்பில் பாய்ந்து விடும். ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் காரில் கோளாறு தெரியாமல் போவதற்கு இதுதான் முக்கிய காரணம். நிற்கிற காருக்குச் சுமையே இல்லையே!

பெட்டிக்குள் நாலு ரீங்காரம்

சென்னைக்கு இதில் ஒரு வேடிக்கையான தொடக்கம் உண்டு. 1903ல் சென்னை சிம்ப்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் கட்டிய கார் நீராவியில் ஓடியது. அதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. ஆகவே 'மிஸ்ஸிங்' என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் உலகம் பெட்ரோல் பக்கம் சாய்ந்து விட்டது, திணறலும் கூடவே வந்து சேர்ந்தது.

1908ல் இருந்து 1927 வரை தயாரான ஃபோர்டு மாடல் டி காரில் நாலு சிலிண்டருக்கும் தனித்தனியாக நாலு காயில் இருந்தன. எல்லாம் ஒரு மரப்பெட்டிக்குள். ஒவ்வொரு காயிலும் வண்டு போல ரீங்காரம் இடும். இன்ஜின் திணறினால், ஓடிக் கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு காயிலின் அதிரும் தகட்டையும் விரலால் அழுத்திப் பிடிப்பார்கள். அழுத்தினால் அந்த சிலிண்டர் வேலை செய்யாது. ஒன்றை அழுத்தும்போது இன்ஜின் சத்தம் மாறினால் அந்த சிலிண்டர் நல்லது. மாறவே இல்லை என்றால்? அது ஏற்கெனவே செத்துக் கிடக்கிறது என்று அர்த்தம். அந்த சிலிண்டர்தான் குற்றவாளி!

இந்தத் தந்திரம் நூறு வருடமாகச் சாகவில்லை. நம் ஊர் மெக்கானிக்குகள் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்ததும் இதைத்தான்.

அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய பேட்டரி - காயில் - பாயிண்ட் முறை 1910ம் ஆண்டு காடிலாக் கார்களில் வந்தது. அடுத்த அறுபது வருடம் உலகம் முழுக்க அந்த முறைதான். ஒரே காயில், நடுவில் டிஸ்ட்ரிபியூட்டர், அதற்குள் திறந்து மூடும் பாயிண்ட், பக்கத்தில் ஒரு சின்ன கண்டென்சர். மறையும் திணறலுக்கு இதைவிட நல்ல ஒளிவிடம் கிடையாது. கண்டென்சர் குளிர்ந்திருக்கும்போது நன்றாக இருக்கும், சூடானால் கெடும். பாயிண்ட் தேயும், கருகும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் மெல்லிய ஒயர், தட்டு திரும்பும்போதெல்லாம் மடிந்து மடிந்து உள்ளுக்குள் அறுந்து போகும், மேலுறை மட்டும் முழுசாக இருக்கும். கண்ணுக்கு நல்ல ஒயர், ஓட்டத்தில் மட்டும் கோளாறு!

மூன்று கம்பெனி காலமும் மெக்கானிக்கின் காதும்

1950களின் நடுவில் இந்தியக் கார் உலகம் சுருங்கியது. உள்நாட்டிலேயே பாகங்களைத் தயாரிக்க வேண்டும் என்ற அரசின் கொள்கையால், வெறுமனே பூட்டி விற்ற வெளிநாட்டு கம்பெனிகள் வெளியேறின. மிஞ்சியவை கல்கத்தா அருகே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னை அருகே வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு. 1961ல் லூகாஸ் - டி.வி.எஸ். தொடங்கப்பட்டதும் கார் மின்சாதனங்களும் சென்னையிலேயே தயாராயின.

அம்பாசிடரின் 1489 சிசி இன்ஜினும், ஃபியட்டாக வந்து பிறகு பத்மினியான காரின் 1089 சிசி இன்ஜினும் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றம் இல்லாமல் ஓடின. பத்து வயதில் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்த பையன், ஐம்பது வயது மேஸ்திரி ஆன பிறகும் அதே இன்ஜினைத்தான் கழற்றிக் கொண்டிருந்தான்.

பழைய மெக்கானிக்குகளின் 'காது' பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம். சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லி விடுவார்கள் என்போம். உண்மைதான். ஆனால் அந்தக் காதுக்குப் பின்னால் இருந்தது மந்திரம் அல்ல. சாலையில் ஓடியது இரண்டு மூன்று வகை இன்ஜின்தான். ஒரே பாட்டை நாற்பது வருடம் கேட்டவருக்கு ஒரு தாளம் தப்பினாலும் தெரியும்தானே!

அவர்களுடைய கருவிகள் எளிமையானவை. ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். சைலன்சர் வாயில் கையை வைத்துப் புகையின் துடிப்பைப் பார்ப்பார்கள். பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார்கள். பிஸ்கட் நிறம் என்றால் சரி. கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. இருட்டிய பிறகு பானெட்டைத் திறந்து, ஓடும் இன்ஜினின் பிளக் ஒயர்கள் மேல் லேசாகத் தண்ணீர் தெளிப்பார்கள். விரிசல் இருந்தால் நீலப்பொறி மின்னும். பகலில் ஒளிந்து கொள்ளும் கோளாறு ராத்திரியில் அகப்பட்டு விடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இவை எல்லாமே கோளாறை மறுபடியும் வரவழைக்கும் வழிகள். தண்ணீர் தெளிப்பது மழையை வரவழைப்பது. கைபிரேக் போட்டு ரேஸ் கொடுப்பது மேட்டை வரவழைப்பது.

கூட்டேரிப்பட்டு வெயிலும் ஈரத்துணியும்

திண்டிவனம் தாண்டி விழுப்புரம் போகும் வழியில் கூட்டேரிப்பட்டு வரும். அங்கே இடப்பக்கம் திரும்பினால் முருகன் குடிகொண்ட மயிலம், அப்படியே போனால் புதுச்சேரி. அக்னி நட்சத்திர வெயிலில் இந்த மாதிரி சாலைகளில் அம்பாசிடரும் பத்மினியும் சந்தித்த தனி வகைத் திணறல் ஒன்று உண்டு. ஒர்க்‌ஷாப் பாஷையில் 'ஏர் லாக்'. உண்மையில் அது காற்று அல்ல, பெட்ரோல் ஆவி.

பழைய கார்களில் பெட்ரோல் பம்ப் இன்ஜின் மேலேயே இருக்கும். பின்னால் உள்ள டாங்கில் இருந்து அது பெட்ரோலை உறிஞ்சி இழுக்கும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவதால் பெட்ரோல் இன்னும் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். கூடவே இன்ஜின் சூடு, மே மாதத்து வெயில். குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகி வழியை அடைத்துக் கொள்ளும். பம்ப் ஆவியை இழுத்துக் கொண்டிருக்கும், கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வராது. கார் விக்கும், நிற்கும். புளியமர நிழலில் அரை மணி நேரம் நின்றால் தானாகவே சரியாகி விடும்!

இதற்கு டிரைவர்கள் கண்ட வைத்தியம் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றுவது. பார்க்க நாட்டு வைத்தியம் மாதிரி இருந்தாலும் இதற்குள் சரியான இயற்பியல் இருக்கிறது. துணியில் உள்ள நீர் ஆவியாகும்போது பம்பின் சூட்டை எடுத்துக் கொண்டு போகும். ஆவி மறுபடியும் திரவமாகும். ஈரத்துணி ஒரு விதத்தில் சோதனையும் கூட. துணி போட்டதும் சரியானால் நோய் ஆவி அடைப்பு. சரியாகவில்லை என்றால் தேட வேண்டிய இடம் வேறு.

கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது

1967ல் ஃபோக்ஸ்வாகன் கார்களில் பாஷ் கம்பெனியின் எலக்ட்ரானிக் பெட்ரோல் ஊசி முறை வந்தது. 1976ல் வோல்வோ கார்களில் புகைக்குழாயில் ஆக்சிஜனை அளக்கும் சென்சார் வந்தது. பெட்ரோல் கூடினதா, குறைந்ததா என்று புகையைப் பார்த்தே கம்ப்யூட்டர் தெரிந்து கொண்டது. பிளக்கின் நிறத்தைப் பார்த்து மேஸ்திரி சொன்னதை, இப்போது சென்சார் ஓட்டத்திலேயே சொல்ல ஆரம்பித்தது.

மாசைக் குறைக்க கலிபோர்னியா மாநிலம் எடுத்த முயற்சிதான் அடுத்த பெரிய திருப்பம். கார் தன் கோளாறைத் தானே கண்டுபிடித்து விளக்குப் போட்டுச் சொல்ல வேண்டும் என்று விதி வந்தது. 1996ல் அமெரிக்காவில் எல்லாப் புதுக் கார்களுக்கும் ஓ.பி.டி.-2 கட்டாயம் ஆனது. எந்தக் கம்பெனி கார் என்றாலும் ஒரே மாதிரி சாக்கெட், ஒரே மாதிரி குறியீடு.

இந்தியாவில் இந்த மாற்றம் நீதிமன்றம் வழியாகவும் வந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த மாசு வழக்கில் 1999ல் உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத்துக்கு யூரோ விதிகளை விரைவுபடுத்தியது. 2000ம் ஆண்டில் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. 1998ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் இருந்து வெளிவந்த சான்ட்ரோ எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினோடுதான் வந்தது. கார்புரேட்டர் மெல்ல விடை பெற்றது. பம்ப் டாங்குக்குள் போனது. அங்கிருந்து அழுத்தத்தோடு பெட்ரோலைத் தள்ளியதால் ஈரத்துணிக்கும் வேலை இல்லாமல் போனது. பாரத் ஸ்டேஜ் 4 விதியோடு ஓ.பி.டி. 2010ல் இந்தியாவுக்கு வந்தது, 2013ல் ஓ.பி.டி.-2.

இரும்புக்குள் ஒரு காது

இன்ஜின் மிஸ்ஸிங் அடிப்பதைக் கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறது தெரியுமா? ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது கிராங்க் ஷாஃப்ட் ஒரு துளி வேகம் எடுக்கும். ஒரு சிலிண்டர் வெடிக்கத் தவறினால் அந்தத் துளி வேகம் வராது. கிராங்க் சென்சார் இந்த நுணுக்கமான வித்தியாசத்தை அளக்கிறது. அதாவது தாளத்தில் ஒரு அடி தப்பியதைக் கேட்கிறது. மேஸ்திரியின் காது செய்த அதே வேலை! ஆனால் அந்தக் காது ஒர்க்‌ஷாப்பில் மட்டும் அல்ல, காரோடு எல்லா இடத்துக்கும் வருகிறது.

மறையும் கோளாறுக்கு எதிராக இதில் இரண்டு ஆயுதங்கள் உண்டு. ஒன்று, கோளாறு ஒரு முறை வந்தால் கம்ப்யூட்டர் அதைத் தற்காலிகமாகக் குறித்து வைத்துக் கொள்கிறது. பெரும்பாலான கோளாறுகளில், அடுத்த ஓட்டத்திலும் வந்தால்தான் விளக்கு எரியும். விளக்கு எரியாத காரிலும் ஸ்கேனர் போட்டால் இந்தக் குறிப்பு கிடைக்கலாம். இரண்டாவது, கோளாறு பதிவான நொடியில் காரின் வேகம், இன்ஜின் சூடு, சுமை எல்லாவற்றையும் போட்டோ எடுப்பது போலப் பதிவு செய்து கொள்கிறது.

பி0302 என்று குறியீடு வந்தால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று அர்த்தம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். குறியீடு இடத்தைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. பிளக்காக இருக்கலாம், காயிலாக இருக்கலாம், இன்ஜெக்டராக இருக்கலாம், வால்வாகவும் இருக்கலாம். உடனே புதுக் காயில் வாங்கிப் போட்டு, சரியாகவில்லை என்றால் இன்ஜெக்டர், அப்புறம் பம்ப் என்று மாற்றிக் கொண்டே போனால் அதற்குப் பெயர் சிகிச்சை அல்ல, சூதாட்டம். காசு போவது கார் வைத்திருப்பவருக்கு.

சரியான வழி எளிமையானது. இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட வேண்டும், மூன்றாவதை இரண்டாவதில். பிறகு திணறல் வந்த அதே சாலையில், அதே சூட்டில் ஓட்ட வேண்டும். இப்போது பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி. பி0302 அப்படியே இருந்தால் காயில் நிரபராதி. ஒரு ரூபாய் செலவில்லை! மாடல் டி காலத்தில் தகட்டை அழுத்திப் பிடித்த விரலின் பேரன்தான் இந்தச் சோதனையும்.

மயிலத்தில் பெய்த மழை

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அப்போது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டம் வெள்ளக்காடானது.

இப்படிப்பட்ட வெள்ளத்துக்குப் பிறகு கார்களுக்கு வரும் நோய் உடனே தெரியாது. இன்றைய காரில் சென்சார்களையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் ஒயர் கனெக்டர்கள் நிறைய உண்டு. தண்ணீர் புகுந்து காய்ந்த பிறகு, உள்ளே இருக்கும் பின்களில் பச்சைக் களிம்பு மெல்லப் பிடிக்கும். வாரங்கள் கழித்து, குண்டும் குழியுமான இடத்தில் குலுங்கும்போது மட்டும் தொடர்பு அறுந்து ஒட்டும். ஸ்கேனர் சென்சாரைக் குற்றம் சொல்லும். புது சென்சார் மாட்டும்போது பழைய கனெக்டரைப் பிடுங்கிச் செருகுவதால் கொஞ்ச நாள் சரியாக ஓடும்! பிறகு மறுபடியும் திணறும். இதற்கு வழி, ஸ்கேனரில் ஓடும் அளவுகளைப் பார்த்துக் கொண்டே ஒவ்வொரு ஒயரையும் கையால் அசைத்துப் பார்ப்பது. எந்த ஒயரை அசைக்கும்போது அளவு துள்ளுகிறதோ, அங்கே இருக்கிறது நோய். இதற்குக் கை வேண்டும், பொறுமை வேண்டும்.

எத்தனால் கதையும் இதோடு சேர்ந்தது. 2025ல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீத அளவை எட்டியது. எத்தனால் தண்ணீரை இழுத்துக் கொள்ளும். டாங்கில் தண்ணீர் அளவுக்கு மேல் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியில் இருந்துதான். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் எரிபொருளைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் கார் தானே அதைச் சரிசெய்து கொள்ளும். இன்னும் ஓடிக் கொண்டிருக்கும் பழைய கார்புரேட்டர் கார்களில் ஜெட்டை மனிதர்தான் மாற்ற வேண்டும்.

கேள்விகளே முதல் கருவி

காயில், பாயிண்ட், கார்புரேட்டர் என்று இருந்த காலத்தில் கற்றுக் கொண்ட எத்தனையோ சாலையோர மெக்கானிக்குகள் ஸ்கேனர் வந்ததும் ஒதுக்கப்பட்டார்கள். "கம்ப்யூட்டர் வண்டியா? கம்பெனிக்கே கொண்டு போங்க" என்று அவர்களே சொல்லும் நிலை வந்தது. இன்று சில ஆயிரம் ரூபாய்க்கும் குறைவாகவே, செல்போனோடு இணையும் சின்ன ஓ.பி.டி. கருவி கிடைக்கிறது. கருவி மலிந்து விட்டது. அது காட்டும் எண்ணை வைத்து யோசிக்கிற பழக்கம்தான் அரிதாக இருக்கிறது. அந்தப் பழக்கம் பழைய மெக்கானிக்குகளிடம் ஏற்கெனவே இருந்தது.

திணறும் காரை ஒர்க்‌ஷாப்பில் விடும்போது, "பிக்கப் இல்லை" என்ற ஒரு வார்த்தை போதாது. காலையில் வருகிறதா, சூடான பிறகா? மேட்டிலா, சமதளத்திலா? மழை நாளிலா? டாங்கில் பெட்ரோல் குறையும்போதா? ஏ.சி. போட்டால் கூடுகிறதா? நாலு நாள் ஒரு சின்ன நோட்டில் இதை எழுதி வைத்துக் கொண்டு போகிற ஓட்டுநர், வேண்டாத பாகங்களுக்குக் காசு கொடுப்பதில் இருந்து பெரும்பாலும் தப்பித்து விடுவார். முடிந்தால் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து, திணறல் வந்த அதே சாலையில் ஒரு முறை ஓட்டிக் காட்டுவது இன்னும் நல்லது.